ஆக்டிங்: ஒரு சொல்லின் பொருளும் பயன்பாடும்

ஆங்கிலத்தில் ‘ஆக்டிங்’ என்று வழங்கும் சொல்லுக்குத் தமிழில் ‘நடிப்பு’ என்று பொருள் கூறுவது வழக்கம். நாடகத்திலோ திரைப்படத்திலோ ஒருவர் வேறொருவராகத் தோன்றிப் பேசுவதையும் இயங்குவதையும் இச்சொல் குறிக்கிறது. இந்தப் பொருள் சரியானதே. ஆனால் அதுவே அச்சொல்லின் முழுப்பொருள் அன்று. ‘ஆக்டிங் பிரசிடென்ட்’ என்றால் குடியரசுத் தலைவர் வேடத்தில் நடிப்பவர் என்று எவரும் கொள்வதில்லை. தமிழ்நாட்டில் ‘ஆக்டிங் டிரைவர்’ என்று அழைக்கப்படுபவர் வண்டி ஓட்டுவதுபோல் பாவனை செய்பவர் அல்லர். உண்மையாகவே வண்டியை ஓட்டுபவர்.

இவ்வாறு ஒரே சொல் ஓரிடத்தில் பாவனையையும் மற்றோரிடத்தில் மெய்யான செயலையும் குறிப்பது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடும்போது, நடிப்பைப் பற்றி நாம் கொண்டிருக்கும் ஒரு பழைய எண்ணத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நடிப்பு என்பது அழகாகச் சொல்லப்பட்ட பொய் என்பதே அந்த எண்ணம். ‘ஆக்டிங்’ என்ற சொல்லின் வரலாறு அதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறது. அதன் மூலப்பொருள் செய்தல் என்பதாகும். பொய்த்தல் என்பது பின்னர் வந்து சேர்ந்தது. இந்த வேறுபாட்டை உணராமல் நாடகத்தையோ திரைப்படத்தையோ மதிப்பிடுவது கடினம்.

சொல்லின் வேர்

‘ஆக்ட்’ என்பதன் வேர் ‘அகெரே’ என்னும் இலத்தீன் வினைச்சொல். ஓட்டுதல், நடத்துதல், செய்தல் என்பன அதன் பொருள்கள். ஆட்டு மந்தையை ஓட்டிச் செல்வதற்கும் ஒரு வழக்கை நடத்துவதற்கும் உரோமர்கள் இச்சொல்லையே பயன்படுத்தினர். அதிலிருந்து பிறந்த ‘ஆக்டர்’ என்ற இலத்தீன் பெயர்ச்சொல் செய்பவர், வழக்கைத் தொடுப்பவர், மேடையில் தோன்றுபவர் ஆகிய மூவரையும் குறித்தது.

ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துச் சொற்கள் பல துறைகளில் பரவியுள்ளன. நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் ‘ஆக்ட்’ எனப்படுகிறது. நாடகத்தின் ஒரு பகுதியும், அதாவது நாம் அங்கம் என்று சொல்வதும், ‘ஆக்ட்’ எனப்படுகிறது. செயல்பாடு ‘ஆக்ஷன்’, சுறுசுறுப்பாக இயங்குபவர் ‘ஆக்டிவ்’, ஒரு வேதிப்பொருளின் வினை ‘ரியாக்ஷன்’. இவற்றுள் எதிலும் பொய்யின் சாயல் இல்லை.

விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் நான்கு நற்செய்திகளுக்கு அடுத்து வரும் நூலை ஆங்கிலத்தில் ‘ஆக்ட்ஸ்’ என்பர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது ‘அப்போஸ்தலர் நடபடிகள்’ என்றும், கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் ‘திருத்தூதர் பணிகள்’ என்றும் பெயர் பெற்றுள்ளது. ‘நடபடி’, ‘பணி’ என்ற இரண்டுமே செயலைச் சுட்டும் சொற்கள். அந்த இடத்தில் ‘நடிப்பு’ என்ற சொல்லை எந்த மொழிபெயர்ப்பாளரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

நம் மரபில் உள்ள ‘அபிநயம்’ என்ற வடசொல்லை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘அபி’ என்பது நோக்கி, ‘நீ’ என்பது கொண்டு செல்லுதல். காண்பவரை நோக்கிப் பொருளைக் கொண்டு செல்வது அபிநயம். உடல், சொல், ஒப்பனை, உள்ளுணர்வு ஆகியவற்றால் நிகழும் நால்வகை அபிநயத்தை நாட்டிய சாஸ்திரம் விரிவாகப் பேசுகிறது. இலத்தீன் வேர் ஓட்டிச் செல்வதைக் குறிக்கிறது. வடமொழி வேர் கொண்டு செல்வதைக் குறிக்கிறது. இரண்டிலும் ஏமாற்று என்ற கருத்துக்கு இடமில்லை.

ஐயம் எங்கிருந்து வந்தது?

நடிப்பின்மீது படிந்த ஐயத்துக்குக் கிரேக்கத்தில் ஒரு தொடக்கம் உண்டு. பண்டைக் கிரேக்கத்தில் நடிகருக்கு வழங்கிய சொல் ‘ஹிப்போக்ரிட்டிஸ்’. பதில் சொல்பவர் என்றும், விளக்கம் சொல்பவர் என்றும் அதற்குப் பொருள் கூறுவர். குழுப்பாடகர்களுக்கு மறுமொழி கூறுபவராகவோ, கதையின் பொருளை விளக்குபவராகவோ நடிகர் கருதப்பட்டார். இச்சொல்லே காலப்போக்கில் வெளியில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக வாழ்பவரைக் குறிக்கத் தொடங்கியது. ஆங்கிலத்தின் ‘ஹிப்போகிரிட்’ அதிலிருந்து வந்ததே.

புதிய ஏற்பாட்டில் இயேசு பரிசேயரைக் கண்டிக்கும் இடங்களில் கிரேக்க மூலத்தில் இருப்பது இந்த நடிகர் என்ற சொல்தான். அதைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘மாயக்காரர்’ என்று தந்தது. பொது மொழிபெயர்ப்பு ‘வெளிவேடக்காரர்’ என்று தந்தது. இரண்டாவது சொல்லில் ‘வேடம்’ என்ற கூத்துச்சொல் மீண்டும் வந்து அமர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது. இங்கே குற்றம் சாட்டப்படுபவர்கள் மேடைக் கலைஞர்கள் அல்லர். வாழ்க்கையில் வேடம் போடுபவர்கள். ஆயினும் பழியின் ஒரு பகுதி கலைஞர்மீதும் விழுந்துவிட்டது.

புளூட்டார்க் எழுதிய சோலனின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஏதென்ஸ் நகரின் சட்டம் வகுத்த முதியவரான சோலன், தெஸ்பிஸ் என்பவரின் நாடகத்தைக் கண்டபின், இத்தனை பேர் முன்னிலையில் இவ்வளவு பொய் சொல்ல வெட்கமில்லையா என்று அவரைக் கேட்கிறார். விளையாட்டாகச் செய்வதில் தீங்கில்லை என்கிறார் தெஸ்பிஸ். சோலன் தம் கைத்தடியால் தரையைத் தட்டி, இத்தகைய விளையாட்டைப் பாராட்டினால் நம் ஒப்பந்தங்களிலும் இது வந்து புகுந்துவிடும் என்று எச்சரிக்கிறார். நடிகரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘தெஸ்பியன்’ என்ற சொல் இந்தத் தெஸ்பிஸின் பெயரால் ஏற்பட்டது.

சோலனின் அச்சம் இங்கிலாந்திலும் தொடர்ந்தது. 1572ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டம் ஒன்று, உயர்குடிப் புரவலரின் ஆதரவு இல்லாத நாடகக்காரர்களை ஊர்சுற்றிகளோடும் நாடோடிகளோடும் சேர்த்து வைத்தது. 1642இல் நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூடியது. 1660இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் திரும்பி வந்த பின்னரே அவை முறையாகத் திறக்கப்பட்டன. ‘ஆக்டிங்’ என்ற சொல்லில் இன்றும் ஒலிக்கும் இகழ்ச்சிக்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம் எனலாம்.

பிளேயர், ஆக்டர், ஆக்ட்ரஸ்

ஷேக்ஸ்பியர் காலத்தில் நடிகருக்குப் பெரிதும் வழங்கிய சொல் ‘பிளேயர்’, அதாவது ஆடுபவர். நாடகத்துக்கு ‘பிளே’ என்று பெயர் இருப்பதால் இது இயல்பே. தமிழிலும் கூத்து ஆடப்படுகிறது. கூத்தாடி என்ற சொல்லும் அவ்வாறு அமைந்ததே. 1623இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பில் அந்நாடகங்களில் பங்கேற்ற முதன்மையான 26 பேரின் பட்டியல் உள்ளது. அப்பட்டியலின் தலைப்பில் அவர்கள் ‘ஆக்டர்’ என்றே குறிக்கப்பட்டுள்ளனர். ஆடுபவர் என்ற நிலையிலிருந்து செய்பவர் என்ற நிலைக்குச் சொல் மாறிவந்த காலம் அது.

1660க்கு முன் இங்கிலாந்தின் பொது அரங்குகளில் பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்றனர். அதன்பின் பெண்கள் மேடையேறினர். ‘ஆக்ட்ரஸ்’ என்ற பெண்பால் சொல் மேடைப்பொருளில் நிலைபெற்றதும் அதற்குப் பிறகே. இன்று அச்சொல்லைப் பற்றிக் கருத்து வேறுபாடு உள்ளது. மருத்துவருக்கும் எழுத்தாளருக்கும் ஒரே சொல் போதுமென்றால் நடிப்பவருக்கு மட்டும் ஏன் இரு சொற்கள் என்று கேட்பவர்கள், இருபாலாருக்கும் ‘ஆக்டர்’ என்றே எழுதுகின்றனர். ஆஸ்கர் விருதுகளில் ‘ஆக்டர்’, ‘ஆக்ட்ரஸ்’ என்ற பிரிவு தொடர்கிறது. பெர்லின் திரைப்பட விழா 2021 முதல் பால் வேறுபாடு பார்க்காமல் நடிப்புக்கு விருது வழங்குகிறது. தமிழில் நடிகர், நடிகை என்ற இணை வழக்கில் இருந்தாலும், ‘தென்னிந்திய நடிகர் சங்கம்’ என்னும்போது ‘நடிகர்’ என்ற சொல் இருபாலாரையும் உள்ளடக்கிக்கொள்கிறது.

ரோல், பார்ட், பாத்திரம், வேடம்

நடிகர் ஏற்பதைக் குறிக்கும் சொற்களையும் பார்க்க வேண்டும். ‘ரோல்’ என்பது பிரெஞ்சு வழியாக வந்தது. சுருட்டிய தாள் என்பது அதன் பொருள். நடிகர் பேசவேண்டிய வசனம் அந்தத் தாள் சுருளில் எழுதப்பட்டிருக்கும். ‘பார்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே நடைமுறையைச் சார்ந்தது. ஷேக்ஸ்பியர் காலத்து நடிகரிடம் முழு நாடகமும் தரப்படுவதில்லை. அவர் பேசும் பகுதியும், அதற்கு முன் மற்றவர் பேசி முடிக்கும் சில சொற்களும் மட்டுமே தரப்படும். எட்வர்ட் அலெய்ன் என்ற புகழ்பெற்ற நடிகர் ‘ஆர்லாண்டோ ஃபியூரியோஸோ’ நாடகத்துக்காகப் பயன்படுத்திய பகுதி இன்றும் இலண்டனின் டல்விச் கல்லூரியில் பாதுகாக்கப்படுகிறது.

இந்த ‘பார்ட்’ தமிழ் நாடக மேடையில் நன்கு வேரூன்றிய சொல்லாகும். அரசர் வேடம் ஏற்பவர் ராஜபார்ட், பெண் வேடம் ஏற்பவர் ஸ்திரீபார்ட், திருடன் வேடம் ஏற்பவர் கள்ளபார்ட். ஒரு வடசொல்லும் ஓர் ஆங்கிலச் சொல்லும் இணைந்து தமிழ் மேடையின் தொழிற்சொல்லாயின. 1973இல் வெளிவந்த ‘ராஜபார்ட் ரங்கதுரை’ என்ற திரைப்படத்தின் பெயரிலும் அதைக் காணலாம்.

‘பாத்திரம்’ என்பதற்குக் கலம் என்பது அடிப்படைப் பொருள். ‘வேடம்’ என்பது தோற்றத்தைக் குறிப்பது. கூத்துக் கலைஞர்கள் ‘வேஷம் கட்டுதல்’ என்பர். தாள், கலம், தோற்றம் என்ற மூன்று உருவகங்களும் மூன்று வேறு பார்வைகளைத் தருகின்றன. தாள் என்றால் நடிகருக்கு வெளியிலிருந்து தரப்படும் கடமை. கலம் என்றால் நடிகர் தம்மை ஊற்றி நிரப்பவேண்டிய வடிவம். தோற்றம் என்றால் உடலின்மீது ஏற்றப்படும் மாற்றம். ஒரு நடிகரைப் பற்றி எழுதும்போது இம்மூன்றில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்ற தெளிவு இருந்தால் விமர்சனம் கூர்மை பெறும்.

பொறுப்பு என்னும் பொருள்

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட மற்றொரு பயன்பாட்டுக்கு வரலாம். 1964 மே மாதத்தில் நேரு மறைந்தபோதும், 1966 ஜனவரியில் சாஸ்திரி மறைந்தபோதும் குல்சாரிலால் நந்தா தற்காலிகப் பிரதமராகப் பணியாற்றினார். 1969 மே மாதத்தில் ஜாகிர் உசேன் மறைந்தபோது வி. வி. கிரி ‘ஆக்டிங் பிரசிடென்ட்’ ஆனார். இவர்கள் இட்ட கையெழுத்து செல்லுபடியாகும் கையெழுத்து. இவர்கள் எடுத்த முடிவு உண்மையான முடிவு.

இந்த ‘ஆக்டிங்’ என்பதற்குத் தமிழ்ச் செய்தித்தாள்கள் ஓர் அருமையான சொல்லைப் பயன்படுத்துகின்றன. பொறுப்பு ஆளுநர், பொறுப்புத் தலைமை நீதிபதி, பொறுப்பு துணைவேந்தர் என்று எழுதுகின்றன. இங்கே ‘ஆக்டிங்’ என்பது பொறுப்பாக மாறிவிடுகிறது. தெருவில் வழங்கும் ‘ஆக்டிங் டிரைவர்’ என்ற தொடரும் இவ்வகையே. வண்டியின் வழக்கமான ஓட்டுநர் இல்லாதபோது ஒருநாளுக்கோ ஒரு பயணத்துக்கோ அவரிடத்தில் வருபவர் அவர். வழக்குரைஞர் தம் கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் செயல்படுவதையும் ஆங்கிலத்தில் ‘ஆக்ட்’ என்ற வினையால் சொல்வர்.

இவை அனைத்திலும் பொதுவாக இருப்பது ஒன்று: அங்கே இல்லாத ஒருவரின் இடத்தில் நின்று, அவர் செய்யவேண்டியதைச் செய்தல். மேடை நடிகர் செய்வதும் இதுவே. டென்மார்க் இளவரசன் அங்கே இல்லை. அவன் இடத்தில் ஒருவர் நிற்கிறார். கர்ணன் இல்லை, அவன் இடத்தில் ஒருவர் நிற்கிறார். பொறுப்பு ஆளுநருக்கும் வேடமேற்ற நடிகருக்கும் இடையே வேறுபாடு உண்டு என்பது உண்மை. ஆளுநரின் செயலுக்குச் சட்டத்தில் விளைவு உண்டு. நடிகரின் செயலுக்கு விளைவு காண்பவர் மனத்தில் மட்டுமே. ஆனால் இருவரும் பொய் சொல்லவில்லை.

நடிப்பும் ஆள்மாறாட்டமும்

அப்படியானால் பொய் எங்கே தொடங்குகிறது? இதற்குச் சட்டம் தெளிவான விடை தருகிறது. வேறொருவர் என்று தம்மைக் காட்டிக்கொண்டு ஏமாற்றுவதை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 416ஆம் பிரிவு குற்றமாக வரையறுத்தது. தமிழில் இதை ஆள்மாறாட்டம் என்கிறோம். தேர்வு அறையில் வேறொருவர் பெயரில் அமர்ந்து எழுதுபவரும், மேடையில் வேறொருவர் பெயரில் பேசுபவரும் வெளிப்பார்வைக்கு ஒரே செயலைச் செய்வதாகத் தோன்றலாம். வேறுபாடு எதிரில் இருப்பவரின் உடன்பாட்டில் உள்ளது. தேர்வுக் கண்காணிப்பாளருக்கு உண்மை தெரியாது. நாடகம் காண்பவருக்குத் தெரியும். தெரிந்தே அவர் அங்கு வந்து அமர்ந்திருக்கிறார்.

தெருக்கூத்து இந்த உடன்பாட்டை வெளிப்படையாகவே நிகழ்த்துகிறது. வேடமிட்டவர் திரைக்குப் பின்னிருந்து பாடி, பின்னர் சபைக்கு வந்து, தாம் யார் என்பதைக் கட்டியங்காரனுக்கும் கூடியிருப்பவர்களுக்கும் அறிவிக்கிறார். காண்பவர் அவரை ஊரில் நன்கு அறிந்தவராகவும் இருக்கலாம். இருந்தும் அவரைத் துரியோதனனாக ஏற்கின்றனர். இதில் ஏமாற்றுபவர் யாருமில்லை, ஏமாறுபவரும் இல்லை. சோலனின் கேள்விக்குத் தெஸ்பிஸ் சொல்லியிருக்கவேண்டிய விடை இதுதான் எனத் தோன்றுகிறது.

மொழி மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின், சில சொற்கள் ஒன்றை விவரிப்பதில்லை, அவையே செயலாகின்றன என்று விளக்கினார். வாக்குறுதி அளிப்பது, கப்பலுக்குப் பெயர் சூட்டுவது, திருமண உறுதிமொழி கூறுவது ஆகியவை அத்தகையன. 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய அந்த உரைகள் 1962இல் நூலாயின. மேடையில் நடிகர் சொல்லும் சொற்களை அவர் தம் ஆய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்தினார். மேடையில் தாலி கட்டினால் திருமணம் ஆகாது என்ற அளவில் அது சரியே. ஆனால் மேடையில் நடிகர் உண்மையாகச் செய்வனவும் உண்டு. அவர் உண்மையாகவே மூச்சு விடுகிறார், நடக்கிறார், எதிரில் நிற்பவர் பேசுவதைக் கேட்கிறார், காண்பவரை அழவோ சிரிக்கவோ வைக்கிறார். ‘ஆக்டிங்’ என்பதன் பொருள் இந்த உண்மையான செயல்களில்தான் அடங்கியுள்ளது.

ஹாம்லெட் காட்டும் வழி

‘ஆக்ட்’ என்ற சொல்லின் இரு முகங்களையும் ஓர் இலக்கியப் படைப்பில் காணவேண்டுமென்றால் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தை நாடலாம். ஏறத்தாழ 1600ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட இந்நாடகத்தின் தொடக்கத்தில், தந்தையை இழந்த ஹாம்லெட் கறுப்பு உடையில் நிற்கிறான். துக்கத்தின் வெளி அடையாளங்களான உடையும் பெருமூச்சும் கண்ணீரும் எவரும் நடித்துவிடக் கூடியவை என்றும், தன் உள்ளத்தில் இருப்பது அவற்றுக்கு அப்பாற்பட்டது என்றும் கூறுகிறான். இங்கே அவன் சோலனின் பக்கம் நிற்கிறான். நடிப்பு என்றால் பொய்.

பின்னர் நாடகக் குழு ஒன்று அரண்மனைக்கு வருகிறது. டிராய் நகர அரசி ஹெக்குபாவின் துயரத்தைப் பேசும்போது ஒரு நடிகரின் கண்கள் கலங்குகின்றன, குரல் உடைகிறது. ஹாம்லெட் திகைக்கிறான். அந்த அரசிக்கும் இந்த நடிகருக்கும் என்ன உறவு? தந்தையைப் பறிகொடுத்த தான் ஒன்றும் செய்யாமல் இருக்க, எந்தக் காரணமும் இல்லாத ஒருவர் இவ்வளவு செய்கிறாரே என்று தன்னைத்தானே இகழ்ந்துகொள்கிறான். நடிகர் செயல்படுபவராகவும் இளவரசன் செயலற்றவனாகவும் மாறும் இடம் இது.

மூன்றாவது நிலையில் ஹாம்லெட் நாடகத்தையே கருவியாக்குகிறான். தந்தையின் கொலையை ஒத்த ஒரு காட்சியை மன்னன் முன் நடிக்கச் செய்கிறான். மன்னன் பாதியில் எழுந்துவிடுகிறான். அரண்மனையில் உண்மையாக வாழ்வதாகச் சொல்லும் எல்லோரும் மறைத்த ஒன்றை, நடிப்பதாக வெளிப்படையாகச் சொல்லும் ஒரு குழு வெளிக்கொணர்கிறது. இறுதி அங்கத்தில் குழிவெட்டுபவன் ஒருவன் வழக்குரைஞர்போல் பேசி, ‘ஆக்ட்’ என்பதை மூன்று கிளைகளாகப் பிரிக்கிறான். மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே பொருள். நகைச்சுவைக்காக வைக்கப்பட்ட இடம் என்றாலும், நடித்தலும் செய்தலும் பிரிக்க இயலாதவை என்ற கருத்து அந்த நாடகம் முழுவதிலும் ஓடிக்கொண்டிருப்பதை அது நினைவூட்டுகிறது.

உணர்ச்சியா, செயலா?

நடிகர் உண்மையாகவே உணரவேண்டுமா என்பது பழைய விவாதம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் தீதரோ 1770களில் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1830இல் வெளிவந்த உரையாடலில், சிறந்த நடிகர் தாம் உணராமலே பிறரை உணரவைப்பவர் என்று வாதிட்டார். உணர்ச்சியை நம்பும் நடிகர் ஒருநாள் ஒளிர்வார், மறுநாள் மங்குவார். கவனிப்பையும் பயிற்சியையும் நம்பும் நடிகரே நிலையாக இருப்பார் என்பது அவர் கருத்து.

ருஷ்ய நாடக மேதை ஸ்தானிஸ்லாவ்ஸ்கி உள்ளுணர்வுக்கு முதன்மை தந்தவர் என்று பொதுவாக அறியப்படுகிறார். ஆயினும் அவரும் உணர்ச்சியை நேரடியாக வரவழைக்க முயல வேண்டாம் என்றே கூறினார். பாத்திரம் இந்த இடத்தில் எதை அடைய விரும்புகிறது, அதற்காக என்ன செய்கிறது என்று நடிகர் கேட்கவேண்டும் என்றார். தம் இறுதிக் காலத்தில் உடற்செயல்களிலிருந்து பாத்திரத்தை அணுகும் முறையை வளர்த்தார். அமெரிக்க ஆசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னர் ஒரு படி மேலே சென்று, செய்வதை உண்மையாகவே செய்வதுதான் நடிப்பின் அடித்தளம் என்று கற்பித்தார். கதவைத் தட்டும் காட்சியில் கதவைத் தட்டவேண்டும், தட்டுவதுபோல் காட்டக்கூடாது. இவர்கள் ஒருவரோடொருவர் மாறுபட்டாலும், நடிப்பு என்பது பயின்று செய்யும் செயல் என்பதில் ஒன்றுபடுகின்றனர்.

தமிழ் விமர்சனத்தில் ஒரு தேய்ந்த தொடர்

இந்தப் பின்னணியில் தமிழ்த் திரை விமர்சனத்தை நோக்கலாம். நல்ல நடிப்பைப் பாராட்ட நாம் அடிக்கடி பயன்படுத்தும் தொடர், ‘அவர் நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்’ என்பது. இது பாராட்டுப் போலத் தோன்றினாலும் அடியில் ஓர் இகழ்ச்சி உள்ளது. நடிப்பு தாழ்ந்தது, அதைச் செய்யாமல் விட்டதே பெருமை என்று அது சொல்கிறது. ஒரு சிற்பியைப் பார்த்து, நீங்கள் செதுக்கவில்லை என்று எவரும் பாராட்டுவதில்லை.

இதற்குக் காரணம் ‘நடிப்பு’ என்ற சொல் அன்றாடப் பேச்சில் பெரிதும் பாசாங்கின் பக்கம் சாய்ந்திருப்பதே. ‘நடிக்காதே’ என்றால் பொய் வேடம் போடாதே என்று பொருள். பாரதியார் போலித் தேசபக்தர்களைச் சாடிய பாடலுக்கு ‘நடிப்புச் சுதேசிகள்’ என்று பெயரிட்டார். ‘டிராமா போடாதே’, ‘சீன் போடாதே’ என்ற இன்றைய வழக்குகளும் நாடகச் சொற்களையே திட்டாகப் பயன்படுத்துகின்றன. ஆங்கிலத்திலும் இந்த இகழ்ச்சி உண்டு. ஆனால் ‘ஆக்ட்’ என்பதன் செயற்பொருள் பக்கத்திலேயே உயிரோடு இருப்பதால் அது ஓரளவு சமன் செய்யப்படுகிறது. தமிழில் அந்தச் சமன்பாட்டைத் தரும் சொல் தொலைவில் இல்லை. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. ‘மெய்’ என்றால் உடல். ‘மெய்’ என்றால் உண்மை. உள்ளத்தில் தோன்றுவது உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. உடலின் செயலும் உண்மையும் ஒரே சொல்லில் சந்திக்கும் இத்தகைய மரபை வைத்துக்கொண்டு நடிப்பைப் பொய்யென்று கருதத் தேவையில்லை.

‘ஓவர் ஆக்டிங்’ என்ற சொல்லும் இதே போலப் பொத்தாம்பொதுவாக வீசப்படுகிறது. சிவாஜி கணேசனைப் பற்றி அது பலமுறை சொல்லப்பட்டதுண்டு. அவர் சிறுவயதிலேயே பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பயின்றவர். அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக வேடமேற்றதால் அந்தப் பெயரையே பெற்றவர். கடைசி வரிசை வரை குரலும் கையசைவும் எட்டவேண்டிய மேடையில் உருவான அளவுகோல் அவருடையது. 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியில் வசனமே நீண்ட மேடைப் பேச்சாக அமைந்திருக்கும்போது, நடிப்பு மட்டும் முணுமுணுப்பாக இருக்க இயலாது. ‘மிகை’ என்று சொல்லும் விமர்சகர், எந்த அளவுக்கு மிகை, எந்தக் காட்சியின் தேவையை மீறிய மிகை என்று காட்டவேண்டும். அப்படிக் காட்டினால் அவருடைய சில படங்களில் அக்குற்றச்சாட்டு பொருந்தவும் கூடும். பல படங்களில் பொருந்தாமலும் போகும். காட்டாமல் சொன்னால் அது விமர்சனம் ஆகாது.

‘வாழ்ந்திருக்கிறார்’ என்ற சொல்லை முற்றிலும் ஒதுக்கவேண்டும் என்பதில்லை. கற்பனைச் சூழலுக்குள் உண்மையாக இயங்குவதைச் சிலர் அச்சொல்லால் குறிக்க விரும்பலாம். ஆனால் அதை எழுதுபவர், நடிகர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். எந்தச் சொல்லுக்கு முன் நிறுத்தினார், யாரைப் பார்க்காமல் தவிர்த்தார், கையை எங்கே வைத்திருந்தார் என்று கூறினால் படிப்பவருக்கு அந்த நடிப்பு புலப்படும். வினைச்சொற்களே நடிப்பு விமர்சனத்தின் உயிர்.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை

மொழிபெயர்ப்பிலும் இச்சொல்லின் இரு பொருள்களை மனத்தில் கொள்வது மாணவர்களுக்குப் பயன்படும். கலை பற்றிய பகுதியில் ‘ஆக்டிங்’ என்பதை நடிப்பு என்று தரலாம். பதவி பற்றிய பகுதியில் ‘பொறுப்பு’ அல்லது ‘தற்காலிக’ என்ற சொல் பொருந்தும். அரசியல் அறிவியலில் ‘நான்-ஸ்டேட் ஆக்டர்ஸ்’ என்று வருவதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘அரசு சாரா நடிகர்கள்’ என்று எழுதினால் பொருள் கெடும். அங்கே ‘அரசு சாராச் சக்திகள்’ என்பதே தகும். ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்பது நிகழ்த்துதல். அது நடனம், இசை, கூத்து அனைத்துக்கும் பொது. மருத்துவர் அறுவை சிகிச்சை செய்வதற்கும், இயந்திரம் இயங்கும் திறனுக்கும்கூட அச்சொல் வழங்கும். ‘இம்பர்சனேஷன்’ என்பது சூழலுக்கு ஏற்ப ஆள்மாறாட்டம் ஆகலாம், பலகுரல் கலைஞர் செய்யும் போலச்செய்தலும் ஆகலாம்.

சொல்லைச் சரியாக மொழிபெயர்ப்பது அகராதிப் பணி மட்டுமன்று. நடிப்பைப் பொய் என்று எண்ணும் சமூகம் நடிகரைத் தெய்வமாகவோ கூத்தாடியாகவோதான் பார்க்கும். உழைக்கும் கலைஞராகப் பார்க்காது. அவரைச் செய்பவர் என்று எண்ணினால், என்ன செய்தார், எவ்வளவு நன்றாகச் செய்தார் என்று கேட்கத் தோன்றும். நடிப்பைப் பற்றிய நல்ல விமர்சனம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.